சுவருக்கு அப்பால் போகும் வயர்

சவுரியப்பன் எழுந்தான். பல் துலக்கினான். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். கதவைப் பூட்டிவிட்டு, அதியமான்கோட்டை கிரானைட் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கச் சைக்கிளில் போனான்.

"வாங்கண்ணா. இந்தப் பொட்டிக்கு என் மாமியாரே தேவலைங்க. காலையில இருந்து எதுவும் பேசல," என்றாள் டைப்பிஸ்ட் வஹிதா.

நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒரே கறுப்பு வயர் வரிசையாக இணைத்திருந்தது. அதன் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடி இருக்க வேண்டும். ஒன்று கழன்றாலும், அனுப்பிய செய்தி முனையில் மோதித் திரும்பி வரும். எல்லாம் நின்றுவிடும்.

வஹிதா மேசையில் மூடி இல்லை.

"யாராச்சும் தொட்டீங்களா?"

"யாருங்கண்ணா தொடப்போறா?"

சுவருக்கு அப்பால் மேனேஜர் தீர்த்தகிரியின் அறை. ரோசம்மாள் வேலை பார்த்ததும் அங்கேதான். தொப்பூர் கணவாயில் கார் உருண்டு இருவரும் இறந்த பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். ரோசம்மாள் சவுரியப்பனின் மனைவி. அன்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் போயிருக்க வேண்டியவள். வழியில் காரில் ஏறியிருப்பாள் என்றே அவன் எல்லோரிடமும் சொல்லிவந்தான். தொப்பூர் அந்த வழியே இல்லை.

அந்த அறைக்கு வயர் இழுத்தவன் அவன். பிறகு துண்டித்தவனும் அவன்தான். சுவர் ஓட்டையில் அந்தத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தான். மறுமுனை சும்மா கிடக்கிறது. முள் அசையக் கூடாது.

ஐம்பதில் நின்றது. டெர்மினேட்டர் மாட்டிய முனைதான் ஐம்பது காட்டும்.

மூடி உள்ளே இருக்கிறது.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"தொறக்காதீங்கண்ணா." வஹிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்."

அவன் சாவியைப் பூட்டில் நுழைத்தான்.

துருப்பிடித்த பூட்டு முனகித் திறக்க, அடைபட்ட கல்தூள் வாடையும் பெட்ரோல் நெடியும் அவற்றுக்கு அடியில் அவள் பூசும் பவுடரின் மணமும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின; ஜன்னல் இடுக்கின் வெயிலில் தூசி மெல்லச் சுழன்றது, யாரோ அப்போதுதான் நகர்ந்ததைப் போல.

எங்கும் தூசி. இரண்டு நாற்காலிகள். ஒட்டிப் போட்டவை. அவற்றில் மட்டும் தூசி இல்லை.

வயர் தரையில் ஓடியது. மேசைக்கு அடியில் நுழைந்தது. குனிந்தான்.

முனையை ஒரு கை பிடித்திருந்தது. ஈரமான கை. விரலிடுக்கில் மூடி மின்னியது. அதன்மேல் இன்னொரு கை. பெரியது. இறுகப் பொத்தியிருந்தது.

சின்னக் கையில் மோதிரம் இல்லை. கல்யாணத்தன்று கோயிலில் அவன் போட்ட மோதிரம்.

அன்று காலை வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது:

"அம்மா வூட்டுக்குத்தாங்க போறேன். பொழுதோட வந்துடுவேன்."