இடக்கை முடிச்சு

"நான் கட்டலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ கட்டலைன்னா, செத்தவ எந்திரிச்சு வந்து கட்டினாளா? நல்ல காரியம் பண்ணிருக்கேன்னு சொன்னா எதுக்கு இந்தக் கத்து கத்தறே?"

"அந்தக் குளத்துப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காது அத்தான்!"

காலை வேளை, கொல்லைப்புறம், இடுப்புயரச் சுவர். தெருவுக்கே கேட்டது. அக்கா புருஷனாக இருந்தபோதும் அத்தான், தன் புருஷனான பிறகும் அத்தான். அவள் நாக்குக்கு வேலை மிச்சம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான அந்த அத்தான் கையில் சொட்டச் சொட்ட ஒரு கொத்துப் பாசி. நரிவால் மாதிரி அடர்ந்த நீர்ப்பாசி. அடியில் கூழாங்கல் வைத்து, சேலைக் கிழிசலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனுஷர் அந்த முடிச்சைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பி விழுந்த முடிச்சு. அந்த வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான் இருந்தாள். அவளைக் கொண்டுபோய் எரித்தாகிவிட்டது.

குளம் அக்காவின் கைவேலை. நாலு பக்கமும் கல் கட்டி, நடுவில் ஆள் மூழ்கும் ஆழம். அல்லியைத் தொட்டியில் நட்டு இறக்குவாள். இலைகள் பாதித் தண்ணீரை மூடியதும் மிச்சத்தை இரக்கமில்லாமல் வெட்டி எறிவாள். "முழுக்க மூடினா மீனுக்கு மூச்சு முட்டும்டி." அடியில் பாசிக் கொத்துகள். தண்ணீரின் சத்தையெல்லாம் அவை உறிஞ்சிவிடும். பச்சைக் கலங்கல் பட்டினி கிடந்தே சாகும். அக்கா இருந்தவரை அதில் ஊசி விழுந்தாலும் தெரியும்.

அந்தத் தெளிவுதான் தங்கைக்கு ஆகவில்லை.

அன்று இலை வெட்ட இறங்கிய அக்காவுக்குக் கால் வழுக்கி, அல்லித் தண்டுகள் சுற்றிக்கொண்டன. குளித்துக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று தங்கை எல்லோரிடமும் சொன்னாள். அவள் அழுத அழுகையில் அக்கம்பக்கத்துக்காரிகளான எங்கள் முந்தானைகளும் நனைந்தன. உண்மையில் அவள் கரையில்தான் நின்றாள், கையில் நீளக் கழியோடு. நீட்டவும் நீட்டினாள். அக்கா பிடித்தாள். பிறகு தங்கை இழுக்கவில்லை; அழுத்தினாள். கழியைப் பற்றியே மேலேறி வந்த இடக்கை கடைசியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வளையலை உருவிக்கொண்டு உள்ளே போனது. அண்ணன் செய்து போட்ட வளையல், உள்பக்கம் அவள் பெயர் வெட்டியது. போன மாசமே பஸ்ஸில் தொலைந்துவிட்டதாக அண்ணனிடம் சொல்லிவைத்தாள்.

எஜமானியாக வந்ததும் முதல் காரியமாகக் குளத்துச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டாள். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல ஆனது. நாற்றம் எங்கள் சமையலறை வரை வந்தது. மீன்கள் விடியலில் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவள் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது பாசி திரும்பிவிட்டது.

பிடுங்கிச் சுவருக்கு வெளியே எறிந்தாள். மறுநாள் இன்னும் அதிகக் கொத்துகள் இருந்தன. தண்ணீர் சாண் சாணாகத் தெளிந்தது. முதல் படி தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது. அல்லி இலைகள் வட்டம் வட்டமாக விரிந்து, சரியாகப் பாதியில் நின்றன. யாரோ வெட்டிவிட்டாற்போல. கடைக்காரர் பூரித்துப்போனார். "உனக்கும் அவ கை வந்துடுச்சு!"

அந்த வார்த்தையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பகலில் வீடு காலியாக இருக்கும்போது குளியலறைக் குழாய் தானாகத் திறந்துகொண்டது. ஓடிப்போய் மூடுவாள். மூடிய பிறகும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதிலேயே நிற்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில், பொறுமையாக, துணி கிழிபடும் இன்னொரு சத்தம். அலமாரியைத் திறந்தாள். குளத்துச் சேற்றின் குளிர்ந்த வாடை முகத்தில் அடித்தது. அவளுடைய கல்யாணப் பட்டுச்சேலை மடித்தபடி இருந்தது. எடுத்தாள். மேல் மடிப்பு மட்டும்தான் இருந்தது. மிச்சமெல்லாம் விரலகலக் கீற்றாகப் போயிருந்தது.

அன்று மத்தியானம் கடையிலிருந்து போன் வந்தது. "உங்க அண்ணன் சாயங்காலம் வர்றார். குளம் தெளிஞ்சிருக்குன்னு சொன்னேன், ஆசையா இருக்காராம்."

"வேண்டாம்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கே! சொந்த அண்ணனை வராதேன்னு சொல்றதா?"

வெயில் சாயும் நேரம் அவள் குளத்தங்கரையில் நின்றாள். காற்றில்லை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் தெளிவு. அடியில் பாசிக்காடு, ஒவ்வொரு கொத்தின் இடுப்பிலும் பட்டுக் கீற்று. நடுவில் அல்லித் தொட்டி. தொட்டி விளிம்பில், யாரோ துடைத்து வைத்தாற்போல, வளையல்.

கழியால் எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம். கடைக்காரரின் சிரிப்பு. அண்ணனின் இருமல்.

இறங்கினாள்.

முதல் படி. இரண்டாவது. தண்ணீர் சில்லென்று இல்லை. உடம்புச் சூட்டில் இருந்தது. மீன்கள் விலகவில்லை. எல்லாம் அவளைப் பார்த்து நின்றன. மார்பு வரை. கழுத்து வரை. மூச்சை அடக்கி மூழ்கிக் கையை நீட்டினாள். வளையல் விரலில் பட்டது. பிடித்தாள்.

கணுக்காலில் ஏதோ உரசியது.

பாசிதான்.

வழவழப்பாக ஒரு சுற்று. பட்டு. இன்னொரு சுற்று. உதைத்தாள். அவசரப்படாத கை. தெரிந்த கை. மூன்றாவது சுற்று.

இடப்பக்கம் இறுகியது.

வீட்டுக்குள் குளியலறைக் குழாய் திறந்துகொண்டது. "குளிக்கிறா போல," என்றார் கடைக்காரர் அண்ணனிடம். "உக்காருங்க, வந்துடுவா." இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், இருட்டும் வரை.

டார்ச் வெளிச்சத்தில் குளம் அடிவரை தெரிந்தது. அவள் உள்ளே நேராக நின்றாள், கால் தொட்டியோடு கட்டப்பட்டு, கண் திறந்து, கழியை நீட்டச் சொல்வது போல ஒரு கையை மேலே தூக்கி. மணிக்கட்டில் வளையல். விரல் நுனிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அண்ணன் அந்த வளையலையே பார்த்தார்.

அண்ணன் அதன் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் துக்கத்தைத் தாங்க முடியாமல் அடுத்த வருஷமே பல் ஆஸ்பத்திரி நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, நாலாவது மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். பால்கனியில் ஒரு பூந்தொட்டிகூட வைக்க விடுவதில்லையாம். இங்கே அந்த வீட்டுக்குப் பாட்டு டீச்சர் ஒருத்தி வாடகைக்கு வந்திருக்கிறாள். குளத்துக்கு அவள் ஒரு வேலையும் செய்வதில்லை. தண்ணீர் கண்ணாடி. மீன்கள் கொழுத்துவிட்டன. விடியும்போது புதுப் பாசிக் கொத்துகள் மட்டும் கட்டி இறக்கியிருக்கும் என்று சுவரோரம் வந்து சொன்னாள். ஒன்றை எடுத்தும் காட்டினாள்.

முடிச்சு வலப்பக்கம் விழுந்திருந்தது. புதிதாகப் பழகுகிறவள் போட்டது போல, கோணல்மாணலாக. அதன் மேலேயே இன்னொரு கை அதைத் திருத்தி, இடப்பக்கமாக இறுக்கியிருந்தது.