ஆழ்ந்த கவலை

செவ்வாய்க் கிரகத்துக் கல்லூரியில் சனிக்கிழமை மதியம் சீட்டுக் குலுக்குவார்கள். பிள்ளைகள் சீட்டில் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊராக இரண்டு மணி நேரம் வாதாட வேண்டும். மாதிரிப் பேரவை என்று பெயர். ஆறு வருஷத்தில் இசக்கி பதினோரு முறை பூமியாகவும் ஒன்பது முறை நிலவாகவும் இருந்துவிட்டாள். அவள் பிறந்த நான்காம் சுரங்கத்துக்கு மட்டும் சீட்டே கிடையாது.

வாசலிலேயே காதுக்குப் பின்னால் நயச்சில்லு ஒட்டிவிடுவார்கள். தொண்டையில் எழும் சொல்லை அது மறித்து, இழைத்து, நாகரிகமாக்கி வெளியே விடும். முதல் வருஷம் இசக்கி, "இது அநியாயம்!" என்று கத்தினாள். வெளியே வந்தது, "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன்." எல்லாரும் கைதட்டினார்கள்.

"உன் சுரங்கத்து இழுவையே போயிடுச்சு, சூப்பர்ல?" என்றான் கண்ணாடிக் கூரை நகரத்து ருத்விக். பாராட்டுகிறானாம். இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள். குடும்பத்திலேயே பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் அவள். பல்லைக் கடிக்கப் பழகியிருந்தாள்.

கடைசி வருஷம் அவளுக்குச் செவ்வாயை ஆளும் நிஜப் பேரவையில் ஐந்து நிமிஷம் பேச வாய்ப்பு வந்தது. சுரங்கத்தின் காற்றுச் சல்லடையை மாற்றி மூன்று வருஷமாகியிருந்தது. அம்மா இருமிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, அங்க போயி கவல கிவலன்னு இழுத்துக்கிட்டு நிக்காத. சல்லடைய மாத்துங்கன்னு சொல்லு. அம்புட்டுதான்."

மேடையேறியதும் இசக்கி நயச்சில்லைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள்.

"மூணு வருஷமா ஒரே சல்லட. எங்கம்மா துப்புறதெல்லாம் செம்மண்ணு. நீங்க ஆழ்ந்து ஆழ்ந்து கவலப்பட்டே எங்களக் கொல்லுதீங்க. மாத்துங்கய்யா, இன்னைக்கே மாத்துங்க!"

அவை மொத்தமாக எழுந்து நின்று கைதட்டியது. பேரவைத் தலைவர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிறந்த பேச்சாளர் பதக்கத்தை அவள் சட்டையில் குத்தினார். "எவ்வளவு உண்மையான கோபம்! இந்தக் குரலைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்."

"சல்லட?"

"அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்மா."

அடுத்த கூட்டத்தில் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மாதிரிப் பேரவைக்கு நடுவராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. தலைவர் அம்மையாரும் வருகிறார் என்றதால், சல்லடையைப் பற்றி நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் இசக்கி போனாள். வாசலில் அவளுக்கும் சில்லு ஒட்டினார்கள்.

இந்த முறை குலுக்கலில் நான்காம் சுரங்கமும் இருந்தது. சீட்டு ருத்விக்குக்கு விழுந்தது. அவன் காதில் இருந்தது புதிய பதிப்புச் சில்லு.

"எங்கம்மா துப்புறதெல்லாம் செம்மண்ணு..." என்று ஆரம்பித்தான். இசக்கியின் அதே இழுவையைச் சில்லு ஏற்றிக் கொடுத்தது. குரல் சரியான இடத்தில் அடைத்தது. நடுவில் இரண்டு முறை இருமினான். முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா விசும்பினாள்.

முடித்துவிட்டு இசக்கியிடம் ஓடி வந்தான். "இருமல் சரியா வந்துச்சா? உங்கம்மா மாதிரியே இருந்துச்சுல்ல?"

இசக்கி சில்லைப் பிய்த்து அவன் காலடியில் எறிந்தாள். "எங்கம்மா நேத்துலேருந்து எந்திரிக்கலடா! நாசமாப் போறவனுங்களா, அந்தச் சல்லடைய மாத்தித் தொலைங்கடா!"

அரங்கம் அதிரக் கைதட்டியது. தலைவர் அம்மையார் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து மெல்லக் கேட்டார்:

"பதிவு பண்றீங்கல்ல? இது போன தடவையவிட நல்லாருக்கு."