ஓடைப்பட்டியில் ஒரு டெம்ப்ளேட் கொலை

போன் அலறியது.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடை மாடி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு தேவயானி ரிசீவரை எடுத்தாள்.

"வெப்சைட் ஆபீசாம்மா? ஓடைப்பட்டி சுந்தரலிங்கம் பேசறேன்."

"சொல்லுங்கய்யா."

"நான் செத்துப்போயிட்டேன்னு போட்டிருக்கீகளாமே... எப்பச் செத்தேன்னு நீங்களே சொல்லுங்கம்மா. எனக்குத் தெரியல."

தேவயானி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

கறுப்புப் பின்னணி. மாலை போட்ட படம். படத்தின் முன்னால் ஒரு குத்துவிளக்கு, அசைந்து அசைந்து எரிந்துகொண்டிருந்தது. திராட்சைத் தோட்ட அதிபர் சுந்தரலிங்கம் காலமானார்.

கீழே பார்த்தாள்.

இறுதி மரியாதை: வரும் ஞாயிறு காலை ஆறு முதல் ஏழரைக்குள். இடம்: கல்யாண மண்டபம். குறிப்பு: மாலையில் மெல்லிசைக் கச்சேரி உண்டு.

தேவயானி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், இரங்கல்... தேனிப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டு விசேஷமானாலும் இன்டர்நெட்டில் பக்கம் போட்டுத் தருவதுதான் அவள் தொழில். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட். பெயர், படம், நேரம் வரவேண்டிய இடங்கள் மட்டும் அதில் காலியாக இருக்கும். ஊர் ஊராக இருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் விவரங்களையும், எந்த டெம்ப்ளேட் என்பதையும் அனுப்புவார்கள். அவள் எழுதிய புரோகிராம் அந்த டெம்ப்ளேட்டை கம்ப்யூட்டருக்குப் புரியும்படி கம்பைல் செய்து, காலி இடங்களை நிரப்பி, முழுப் பக்கமாக விரித்துவிடும்.

மனிதக் கை படாது.

சுந்தரலிங்கத்தின் மகள் முனீஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வந்ததும் கல்யாண விவரம்தான். விரிந்ததோ இரங்கல்!

தன் புரோகிராம்தான் டெம்ப்ளேட்டை மாற்றி எடுத்துவிட்டதோ என்று பயந்தாள். அதே விவரத்தைக் கல்யாண டெம்ப்ளேட்டில் போட்டு ஓட்டிப் பார்த்தாள். மஞ்சள் பின்னணியில் பிள்ளையார் சிரித்தார். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பிள்ளையார்.

புரோகிராம் நிரபராதி.

அப்படியானால்... இரங்கல் என்று கேட்டு வாங்கியது யார்?

உள்ளே வந்த கோரிக்கையைத் தேடி எடுத்தாள். டெம்ப்ளேட்டின் பெயர்: இரங்கல். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டு போல அவள் கொடுத்திருந்த ரகசியச் சாவி: ஓடைப்பட்டி முத்துவீரன் ஸ்டுடியோ.

பக்கத்தை நீக்கினாள். ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஓடைப்பட்டியில் அவளுக்கு முன்னாலேயே ஒரு வேன் வந்து நின்றிருந்தது. ஆண்டிபட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார். தலைவிரிகோலமாக இறங்கிய பெண்கள் வாசலிலேயே மாரடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். சம்பந்தி பேச்சிமுத்து கையில் ஆளுயர ரோஜா மாலை.

கதவு திறந்தது.

திறந்தது பிணம்.

"வாங்க சம்பந்தி. மாலையெல்லாம் எதுக்கு?" என்றார் சுந்தரலிங்கம்.

ஒப்பாரி நின்றது. ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

தகவல் கிடைத்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒச்சாண்டி தொப்பியைக் கழற்றினார்.

"பாடி எங்க இருக்கு?"

"நான்தான் சார் பாடி."

ஒச்சாண்டி தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பேச்சிமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. மாலையை நாற்காலியில் வீசினார். கல்யாண வீட்டில் இப்படி ஒரு சதி நடக்கிறது என்றால், யாருக்கோ இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அது யார் என்று தெரியாமல் என் மகன் தாலி கட்ட மாட்டான் என்று அறுதியாகச் சொல்லிவிட்டார். உள் அறையில் முனீஸ்வரி விசும்பும் சத்தம் கேட்டது.

தேவயானியின் பார்வை மட்டும் அடுப்படிப் பக்கம் போனது.

சுந்தரலிங்கத்தின் மனைவி சங்கிலியம்மாள். புருஷன் செத்ததாக ஊரே கூடி நிற்கிறது... அந்த அம்மாள் நிதானமாக முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

ஒச்சாண்டி ஆள் அனுப்பி முத்துவீரனை வரவழைத்தார். அவன் வரும்போதே கும்பிட்டுக்கொண்டு வந்தான்.

"சார், நான் கல்யாணம்னுதான் அனுப்புனேன். சாமி சத்தியமா."

"உங்க சாவியிலதான் இரங்கல்னும் வந்திருக்கு," என்றாள் தேவயானி. "வேற யார்கிட்டயாவது சாவியக் குடுத்தீங்களா?"

முத்துவீரன் சுந்தரலிங்கத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஒரே ஒருத்தருக்குத்தான். தங்கச்சி கல்யாணப் பக்கத்தை நானே அழகாப் பண்றேன்னு கேட்டாரு. வீட்டுப் பிள்ளையாச்சேன்னு..."

"யாரு?"

"மஸ்கட்ல இருக்காருல்ல... சுருளிராஜன். இவுக மகன்தான்."



பெற்ற மகனா? சொத்துக்கா? தங்கை கல்யாணத்தைக் கெடுக்கவா? ஒச்சாண்டி மீசையைத் தடவிக்கொண்டே எந்த செக்‌ஷன் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

குமுளி வழியாக வந்த டாக்சி ஜீப். அதிலிருந்து பெட்டியோடு இறங்கினான்...

சுருளிராஜன்!

அப்பாவைப் பார்த்தான். போலீஸைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"ஏலே," என்றார் சுந்தரலிங்கம். "என்னைய எதுக்குடா கொன்ன?"

தலை குனிந்தபடியே சொன்னான் சுருளிராஜன். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு மானேஜரிடம் கெஞ்சியிருக்கிறான். கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் லீவு கிடையாது, அப்பா அம்மா செத்தால் மட்டும்தான், அதற்கும் அத்தாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டாராம் அந்த மனுஷர். அவனும் புரோகிராம் எழுதுகிறவன்தான். கல்யாண விவரத்தை அப்படியே எடுத்து, பெயரும் படமும் வரும் இடத்தில் அப்பாவைப் போட்டு, டெம்ப்ளேட்டை இரங்கல் என்று மாற்றி அனுப்பியிருக்கிறான். தமிழ் தெரியாத மானேஜர் மாலையையும் விளக்கையும் பார்த்துக் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நான் வந்து இறங்குனதும், யாரும் பாக்குறதுக்குள்ள பக்கத்தை எடுத்திரலாம்னு நினைச்சேன்ப்பா. கொச்சியில பிளைட் லேட்டு."

"அதுக்குன்னு... பெத்த அப்பனையாடா?"

"அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் பண்ணேன்."

எல்லாத் தலைகளும் அடுப்படிப் பக்கம் திரும்பின.

சங்கிலியம்மாள் முறுக்குக் குழலைக் கீழே வைத்தாள்.

"ஆமா, நான்தான் சரின்னேன். அஞ்சு வருசமா பிள்ளை மூஞ்சியப் பாக்கல. அப்பாவா அம்மாவான்னு கேட்டான். நான் செத்தா இத்தனை பேருக்குப் பலகாரம் யாரு சுடுறது? அதான் அவுகளச் சொன்னேன்."

பேச்சிமுத்துவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று தேவயானி பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ மச்சினன் இல்லையே என்று தன் வீட்டில் எல்லோருக்கும் குறை இருந்தது; இப்போது அதுவும் தீர்ந்தது, முகூர்த்தத்தில் மாற்றமில்லை என்று சொன்னார்.

உள் அறை விசும்பல் நின்றது.

செக்‌ஷன் கிடைக்காத ஒச்சாண்டி முறுக்குத் தட்டை நெருங்கினார்.

சுந்தரலிங்கம் மட்டும் மகனையே முறைத்துக்கொண்டு நின்றார். சுருளிராஜன் காலில் விழப் போனான். அவர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"எத்தனை நாள்டா லீவு?"

"ஒரு வாரம்ப்பா."

"கூறுகெட்டவனே! அப்பன் செத்ததுக்கு ஒரு வாரமா? பதினாறாம் நாள் காரியத்துக்கும் சேத்துக் கேக்குறதுக்கென்ன?"