புல்மேல் விரித்த வெள்ளைத் துணிகள்

மார்கழிக் காலைப் பனியில் செஞ்சிக் கோட்டை மலை காணாமலே போயிருந்தது. மோனிகாவின் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் பனிக்குள் ஓடிவிட்டது. அவளும் பக்கத்து வீட்டு ஷிபாவும் அதைத் தேடி மலையடிப் புல்வெளிக்கு வந்தார்கள்.

"மே..."

குரல் பாறைகளில் மோதி நாலு பக்கமிருந்தும் வந்தது. எந்தப் பக்கம் போவது? இந்தப் புல்வெளியில் எங்கோ ஒரு பாழுங்கிணறு வேறு இருந்தது.

இரண்டடி வைத்த ஷிபா நின்றுவிட்டாள். புல்மேல் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் விரித்துக் கிடந்தன. பத்து, இருபது, நூறு.

"யாருடி இங்க வந்து துணி காயப் போட்டது?" என்று மோனிகா கிசுகிசுத்தாள்.

காற்றே இல்லை. ஆனால் ஒரு துணி மெல்ல நடுங்கியது.

"நான் வரல. வீட்டுக்குப் போலாம்," என்றாள் மோனிகா.

"அப்ப குட்டி?"

ஷிபா மண்டியிட்டுத் துணிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். மிளகளவு சிலந்தி ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"துணி இல்லடி. சிலந்தி வலை. பனி ஒட்டி வெள்ளையா இருக்குது."

"இத்தனையுமா?"

"இத்தனையும்தான். நம்மள பாத்துட்டு எல்லாம் அடியில ஒளிஞ்சிக்கிச்சு."

அப்போதுதான் ஷிபா அதைக் கவனித்தாள். ஓரிடத்தில் மட்டும் வலைகள் வரிசையாகக் கிழிந்திருந்தன.

"குட்டி இந்தப் பக்கம்தான் போயிருக்குது. என் பின்னாலயே வா."

கிழிசலைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பின்னால் திரும்பினால் வந்த இடமே தெரியவில்லை. கடைசி வலை பாதி கிழிந்து தொங்கியது. அதற்கப்பால் புல் இல்லை. கறுப்பாக வாய் திறந்து கிடந்தது கிணறு.

விளிம்புக்கு ஒரு முழம் இப்பால், முட்புதரில் கயிறு சிக்கி நின்றது குட்டி.

ஷிபா குப்புறப் படுத்துக் கயிற்றை எட்டிப் பிடித்தாள். மோனிகா அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இழுத்ததும் கயிறு முள்ளிலிருந்து விடுபட்டு, குட்டி வந்து அவள்மேல் விழுந்தது.

மோனிகா அதை அணைத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

"வந்த வழியே போலாம்டி," என்றாள் ஷிபா. "மத்த வலையெல்லாம் இன்னும் கிழியாம இருக்குது. பாவம், எவ்ளோ நேரம் கட்டியிருக்கும்."

இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கீழே இறங்கத் துள்ளித் துள்ளிப் பார்த்தது குட்டி. வீடு வரைக்கும் மோனிகா அதை இறக்கிவிடவே இல்லை.