சுவரொட்டியில் பார்த்த கண்கள்

அவை செத்துப்போனவனுடைய கண்கள் என்பதையே கொனாடு ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்...

குமாசி நகரில் விடிந்ததிலிருந்து மழை. வலக்கையில் குடை நிற்காமல் நழுவ, ஆஸ்பத்திரி மதிலோரம் ஒதுங்கினாள். மதிலில் சிவப்பும் கறுப்புமாய் ஒரு மரண அறிவிப்புச் சுவரொட்டி. ‘அன்ட்வி, வயது முப்பத்து மூன்று. சனிக்கிழமை இறுதிச் சடங்கு.’ காகிதத்தில் மழைத்தண்ணீர் வழிய, அந்த முகம் அவளைப் பார்த்து அழுவது போலிருந்தது. என்ன கண்கள்! உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா... நினைத்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

கொனாடு தலைமுடி பின்னுகிறவள். நாளெல்லாம் குனிந்தே நின்று கழுத்தில் வலி. அது தோள்வழியே இறங்கி, இப்போது வலக்கை விரல்களே மரத்துவிட்டன. விரல் போனால் பிழைப்பே போச்சு. யாரிடமும் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்தாள்.

“துணைக்கு யாரு?” நர்ஸ் கேட்டாள்.

“யாருமில்ல சிஸ்டர்.”

“அப்போ ஊசி கிடையாது. கழுத்துல போடுறதும்மா... தனியா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.”

“நான் இருக்கேன்.”

திரும்பினாள். கறுப்புத் துணி போர்த்தி, மழை சொட்டச் சொட்ட... அதே முகம். அதே கண்கள்!

பெஞ்சில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து தள்ளிப்போனார்கள். நர்ஸ் மட்டும் நிமிர்ந்தே பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவன் அருகில் உட்கார்ந்தான்.

“ஏன் நடுங்குறீங்க? ஊசிக்கா... எனக்கா?”

“ரெ... ரெண்டுக்கும்தான்.”

“ஊசிக்கு பயப்படாதீங்க. நானும் போன வருஷம் போட்டுக்கிட்டேன். குப்புறப் படுக்கச் சொல்வாங்க. முதல்ல மரத்துப்போக ஒரு குத்து. அப்புறம் எக்ஸ்ரேல பார்த்துப் பார்த்து மருந்தை இறக்குவாங்க. தோள் வரைக்கும் அழுத்தும். அசையக் கூடாது. மூச்சு விடலாம்.”

மூச்சு... அவன் மார்பைப் பார்த்தாள். கனத்த துணிக்குள் எதுவும் அசைவதாகத் தெரியவில்லை.

“இப்போ வலி இருக்கா?”

“இல்ல. எல்லாம் போயிடுச்சு.”

“இங்க... எங்கேருந்து வர்றீங்க?”

“பின்னாடி பிணவறையிலேர்ந்து. ரொம்பக் குளிருங்க அங்க.”

ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. அந்தக் கண்கள் அவளை உட்கார வைத்துவிட்டன!

ஊசி அவன் சொன்னபடியேதான் இருந்தது. “ரெண்டு நாள் வலி கூடும், முகம் சுடும், தூக்கம் வராது,” என்றார் டாக்டர். “மூணாவது நாள்லேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள கேட்கலாம். சில பேருக்குக் கேட்காமலும் போகும். கேட்டா சில மாசம் தாங்கும். கை பலம் குறைஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடி வா.” குப்புறக் கிடந்தவளுக்கு வேறு கவலை. வெளியே போனால் அவன் இருப்பானா... இல்லாமல் போயிருந்தால்?

இருந்தான். டாக்ஸியில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து அலறிவிட்டான்.

“ஐயோ, அண்ணே! உங்க சாவுக்கு என் தங்கச்சி கறுப்புத் துணியே எடுத்துட்டா!”

“போட்டுக்கிட்டு வரச் சொல்லுப்பா. செத்தது எங்கண்ணன் அன்ட்வி. பிணவறையில அவன்தான் இருக்கான். படம் மட்டும் என்னோடது, நான் போன்சு. நானும் அண்ணனும் சேர்ந்து நின்ன ஒரு கல்யாணப் படத்துலேர்ந்து வெட்டும்போது பெரியவங்க ஆளை மாத்திட்டாங்க. ஒட்டினதைக் கிழிச்சா அண்ணன் இன்னொரு தடவை சாவான்னு அம்மா அழறாங்க. சனிக்கிழமை வரைக்கும் நான்தான் பிணம்...”

சிரிக்கப் பார்த்தான். குரல் உடைந்துவிட்டது. கொனாடுவுக்கு அவன்மேல் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் வலக்கையைப் பிடித்தான்.

“நாலு நாள் கழிச்சு வந்து பார்க்கட்டுமா?”

அவன் பிடித்திருக்கிறான் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. இந்தச் செத்த கையை வைத்துக்கொண்டு...

“வேண்டாம். பரிதாபப்பட்டு என் வாசலுக்கு யாரும் வர வேண்டாம்.”

கதவை அடைத்துவிட்டு அழுதாள்.

இரண்டு நாள் முகம் தகித்தது. கண்ணை மூடினால் பிணவறைக் குளிரில் அவன் நிற்பதாகத் தோன்றித் திடுக்கிட்டாள். நாலாம் நாள் கழுத்து வலி விட்டது. விரல்கள் மட்டும் மரமாகவே இருந்தன.

சனிக்கிழமை, கறுப்பு உடுத்திக்கொண்டு சடங்குக்கே போய்விட்டாள்.

மேடையில் ஆளுயரப் படமாய் போன்சு. அதன் கீழே உயிரோடு போன்சு. பார்த்தவர்களெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். வந்தவர்கள் துக்க வீட்டார் எல்லோருக்கும் வரிசையாக வலக்கை கொடுத்தாக வேண்டும். இடக்கை கொடுத்தால் அவமானம். கொனாடு கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒரு கை, இன்னொரு கை... ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவன்.

“வர வேண்டாம்னீங்க... நீங்களே வந்துட்டீங்க?”

கை சுட்டது.

“சூடா இருக்கு,” என்றாள். “உங்க கை... எனக்குத் தெரியுது!”

“நகரும்மா!” பின்னால் யாரோ அதட்டியும் கொனாடு நகரவில்லை.

“இது எத்தனை நாளோ... டாக்டருக்கே தெரியாதாம். மறுபடி மரத்துப்போனா?”

“மரத்துப்போனாலும் நான் பிடிச்சிருப்பேன். உங்களைப் பார்த்ததிலேர்ந்து வேற நினைப்பே இல்லைங்க.”

கொனாடு அவன் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

“செத்தவர்னு நினைச்சப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு... உயிரோட கிடைச்சவரை விட்டுடுவேனா?”