செந்தமிழன் தொட்டால் நிற்கும் கம்ப்யூட்டர்

கார் கடைசி வளைவுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

திரை கறுத்தது. உள்ளே உறுமிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. தலைக்கு மேல் ஃபேன் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஆவது இது முதல் தடவை இல்லை.

அனுவின் அண்ணன் விமல்ராஜ் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. கேம் விளையாடிக்கொண்டிருந்த செந்தமிழனின் கைகளைப் பார்த்தான்.

"இன்னாடா, நீ தொட்டாலே நிக்குது? நான் நோட்ஸ் டைப் அடிக்கும்போது ஒண்ணும் ஆவறதில்ல. உன் கை ராசி அப்படி."

செந்தமிழன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அனுவும் அவனும் ஆறாம் வகுப்பு. தளவானூரிலிருந்து அவன் குடும்பம் செஞ்சிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பூஜை லீவில்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். இந்த ஊரில் அவன் உரிமையோடு போய் உட்காரும் ஒரே வீடு அனுவின் வீடு.

அண்ணனுக்குக் கோபம் வந்ததிலும் காரணம் இருந்தது. அவன் காலேஜ் படிப்புக்காக நைனா வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டர் அது. இது கெட்டுப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை என்று நைனா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அண்ணன் இந்தக் கதையைத் தெருவில் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அது எப்படியோ அனுவின் வகுப்புவரை வந்துவிட்டது. செந்தமிழனுக்கு 'கரண்ட் கட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குழாயில் தண்ணீர் நின்றால், கரண்ட் கட்டு தொட்டானா என்று கேட்டார்கள். சார் பைக் கிளம்பாவிட்டாலும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆனால் அறிவியல் வகுப்பில் டீச்சர் காந்தத்தைக் கொடுத்து வரிசையாகக் கைமாற்றச் சொன்னபோது, அனு அதை அவனிடம் நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"அந்தப் பக்கம் குடுத்துடு அனு. நான் தொட்டா எதுனா ஆயிடப் போவுது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டான். அன்று மத்தியானம் அனு டிபன் பாக்ஸைத் திறந்தபடியே மூடி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அண்ணன் வெளியே போனதும், அனு தனியாக அந்தக் கார் பந்தயத்தைப் போட்டாள். கார் மலைப்பாதையில் ஏறியது. ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் டப்பென்று எல்லாம் அணைந்தது.

கம்ப்யூட்டர் அணைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அண்ணன் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள். "அவன் வீட்லயே இல்ல. நான் மட்டும்தான் ஆடினேன். அப்பவும் நின்னுச்சு."

"அவன் தொட்ட கீபோர்டுதானே அது," என்றான் அண்ணன்.

இவனிடம் இப்படிப் பேசி ஆகாது என்று அனுவுக்குப் புரிந்தது. கை ராசி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. வேறு என்ன என்று காட்டியாக வேண்டும்.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். கரண்ட் போவதால் நிற்கிறதா? இல்லை, ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிளக் லூஸா? அம்மாவிடம் சொல்லி வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது. அண்ணன் சாயங்காலம் முழுக்க டைப் அடித்தான், நிற்கவில்லை. அம்மா பாட்டுக் கேட்டாள், நிற்கவில்லை. கேம் போட்டால் மட்டும்தான் நிற்கிறது. செந்தமிழன் வருவதும் கேம் விளையாட மட்டும்தான். அதனால்தான் பழி அவன் மேல் விழுந்தது.

இன்னொன்றும் கவனித்தாள். அணைந்தவுடனே போட்டால் உயிர் வருவதில்லை. டீ குடித்துவிட்டு வந்து போட்டால் ஒழுங்காக ஓடுகிறது.

ஸ்கூலில் ராஜகிரி மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் பாறை கொதித்தது. பாதிப் படியில் மூச்சு வாங்கி, இனி ஒரு அடிகூட வைக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் காற்று வாங்கியதும் மறுபடி ஏறினாள். சமதரையில் நடந்திருந்தால் அவள் எதற்கு உட்காரப்போகிறாள்?

டைப் அடிப்பது சமதரை. கேம்தான் மலை ஏறுவது.

மறுநாள் மறுபடி கேமைப் போட்டாள். அது அணைந்ததும் மேஜைக்குக் கீழே குனிந்து, சிபியு பெட்டியின் மேல் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். நைனாவின் கடையில் ஓடிவந்து நிற்கும் பைக்கின் சைலன்சர் போலச் சுட்டது.

சூடாகிறது. ஆனால் ஏன்? உள்ளே காற்றுக்கு ஒரு குட்டி ஃபேன் இருக்குமே.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அம்மாவின் உதவியோடு பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள்.

சுவர்ப்பக்கம் இருந்த காற்று ஓட்டைகள் முழுக்கச் சந்தனம். அதன் மேல் குங்குமம். மூன்று பட்டை விபூதி. பெட்டிக்குப் பின்னால் ஒரு சாமந்தி மாலை காய்ந்து சருகாகத் தொங்கியது. அதன் நூல் குட்டி ஃபேனுக்குள் போய்ச் சிக்கிக் கிடந்தது.

ஆயுத பூஜை.

நைனா தனகோட்டி திண்டிவனம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். ஆயுத பூஜை என்றால் அவருக்குக் கை நிற்காது. ஸ்பேனர், கிரைண்டர், அனுவின் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். இந்த வருஷம் புதிதாகக் கம்ப்யூட்டரும் இருந்தது. முன்பக்கம் மட்டும் வைத்தால் மற்ற பக்கமெல்லாம் கோவித்துக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லிச் சுற்றிலும் பூசினார். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் போடக்கூடாது, ஏரியில்தான் விட வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஏரிக்கு யாரும் போகவில்லை. மாலை அங்கேயே இருந்துவிட்டது.

அதே லீவில்தான் செந்தமிழனும் வந்தான்.

நைனாவால்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தலாம் போல இருந்தது அனுவுக்கு. வாய்வரை வந்துவிட்டது. அப்போது கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்த செந்தமிழனின் முகம் ஞாபகம் வந்தது. பழியை அவனிடமிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கவா இவ்வளவும் செய்தாள்?

நைனா வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்வரை காத்திருந்தாள்.

"நைனா, கடையில தூசி தட்ற பிரஷ் இருக்குது இல்ல, அது வோணும். கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது."

நைனா டார்ச்சை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து பெட்டியின் மூடியைக் கழற்றினார். காய்ந்த இதழ்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின. அண்ணனும் வந்து எட்டிப் பார்த்தான்.

"சாமி ஒண்ணும் மூக்க அடைக்கச் சொல்லலியே," என்றார் நைனா. "நான்தான் பக்தியில அடைச்சிட்டேன். ஏர் ஃபில்டர அடைச்சா எந்த வண்டி மேடு ஏறும்? இதுகூடத் தெரியாம நான் ஒரு மெக்கானிக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நைனா நூலை வெட்டி எடுத்தார். அனு பிரஷ்ஷால் சந்தனத்தை ஓட்டை ஓட்டையாகச் சுரண்டினாள். அண்ணன் இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மூடியை மாட்டியதும் அண்ணன் சுவிட்சைப் போடப் போனான். அனு அவன் கையைத் தடுத்தாள்.

"நீ போடாத. அவனக் கூப்புடு. நீயே போய்க் கூப்புடு."

அண்ணன் தலையைச் சொறிந்தான். உள்ளங்கையில் இருந்த காய்ந்த பூவைப் பார்த்தான். அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனான். அவன் அங்கே என்ன பேசினான் என்று அனுவுக்குத் தெரியாது. திரும்பி வர நேரம் ஆனது. வரும்போது செந்தமிழனும் கூட வந்தான். அவன் கையில் அந்தச் சாமந்திப்பூ இருந்தது.

சுவிட்சை அவன்தான் போட்டான். குட்டி ஃபேன் கிர்ரென்று சுற்றியது. கார் மலை ஏறியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, கடைசி வளைவு. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. செந்தமிழனின் கார்தான் முதலில் வந்தது. அண்ணன் இன்னொரு ஆட்டம் கேட்டான்.

அந்த ஆட்டத்தின் பாதியில் எல்லாம் அணைந்தது.

செந்தமிழன் சட்டென்று கைகளை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அனு மேலே பார்த்தாள். ஃபேனும் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. வெளியே தெரு முழுக்க இருட்டு.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். இருட்டில் தடவி, செந்தமிழனின் கையைப் பிடித்துத் திரும்ப கீபோர்டின் மேல் வைத்தான்.

"கைய எடுக்காதடா. கரண்ட் வந்ததும் நீதான் போடணும்."

அந்தக் கை அங்கேயே இருந்தது.