எட்டு நிமிட வெளிச்சம்

போட்டோத் தாள் டெவலப்பர் மருந்தில் கிடந்து நிறம் பிடித்துக்கொண்டிருந்தபோது, படத்திலிருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று அவன் தட்டின் ஓரத்தைத் தூக்கி லேசாக ஆட்டினான். போகவில்லை. இந்த நெகட்டிவிலிருந்து நான்கு வருடத்தில் நாற்பது பிரிண்டாவது போட்டிருப்பான். ஜன்னல் கம்பியில் எங்கே துரு, சுவரில் எங்கே விரிசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். அந்த இடத்தில் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை.

ஆளில்லாத இடங்கள்தான் அவனுக்குப் பிழைப்பு. மூடிப்போன ஆலை, யாரும் வராத பள்ளிக்கூடம், கூரை இறங்கிய வீடு என்று தேடித் தேடிப் போவான். நண்பர்கள் அவனுக்குப் ‘பாழ்வீட்டார்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இவன் கேமராவோடு வாசலில் வந்து நின்றால் குடியிருப்பவர்கள் காலி செய்யத் தயாராகிவிட வேண்டியதுதான் என்று கேலி வேறு. அவனுக்குப் பேரும் பரிசும் வாங்கிக் கொடுத்தது இந்த ஒரே படம். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஈரம் ஊறிய சுவர். படத்தின் கீழே அவன் கைப்பட எழுதிய வரி: ‘இருபது ஆண்டுகளாக மனிதக் காலடி படாத வீடு.’

அது அவனுடைய அப்பாவின் வீடு. படம் எடுத்த அன்று அப்பா அங்கேதான் குடியிருந்தார்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பத்திரிகையில் அந்தப் படம் வந்தபோது அப்பா போனில் கூப்பிட்டார். “வீடு படத்துல நல்லா விழுந்திருக்கு தம்பி” என்றார். கீழே இருந்த வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குப் பிறகு பல நாள் தோன்றியிருக்கிறது.

போன வாரம் அக்கா பேசினாள்.

“அப்பா போட்டோ ஒண்ணு வேணும்டா. ஹால்ல மாட்டணும். தாத்தா எப்படி இருப்பார்னு சின்னவ கேட்டுக்கிட்டே இருக்கா.”

“உன்கிட்ட இல்லையாக்கா?”

“என்கிட்ட ஏது? போன் தண்ணியில விழுந்ததோட எல்லாம் போச்சு. பழைய ஆல்பத்தைக் கரையான் தின்னுடுச்சு. உன்கிட்ட நூறு இருக்குமே.”

“இருக்கு. பிரிண்ட் போட்டுக் கொண்டுவரேன்.”

ஒன்றுகூட இல்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒரு வாரம் தேடினான். யார் யாரோ விட்டுப்போன கதவுகள், செருப்புகள், உடைந்த கட்டில்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெற்றவர் ஒன்றில்கூட இல்லை. அக்காவிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தபோது, தனியாக இருந்த அறையிலும் அவனுக்குக் காது சூடேறியது. கடைசியில்தான் இந்த நெகட்டிவை வெளியே எடுத்தான். படம் எடுத்த எட்டு நிமிடமும் அப்பா அந்த அறைக்குள்தான் இருந்தார். நிழலாவது எங்காவது ஒட்டியிருக்காதா என்ற நப்பாசை.

அன்றைக்கு நல்ல மழை. அறையில் வெளிச்சம் போதவில்லை. லென்ஸை எட்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

“கொஞ்சம் வெளியே நில்லுங்கப்பா.”

“மழை கொட்டுதே தம்பி. சமையல் ரூமும் ஒழுகுது.”

“அப்ப இங்கேயே நடந்துக்கிட்டு இருங்க. நின்னுடாதீங்க. அத்தனை நேரத்துல அசையாம இருக்கறதுதான் படத்துல விழும். நகர்ந்துக்கிட்டே இருந்தா நீங்க விழமாட்டீங்க.”

வலது முழங்கால் வீங்கிப்போயிருந்த மனிதர், சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, சுவருக்கும் ஜன்னலுக்குமாக. அவன் பார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை. எட்டு நிமிடம் ஆனதும் லென்ஸை மூடி, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறிய பிறகுதான், முடிந்தது என்று அவரிடம் சொல்லவில்லையே என்பது உறைத்தது. காரிலிருந்தே வீட்டு ஜன்னலைப் பார்த்தான். அப்பா இன்னும் நடந்துகொண்டிருந்தார். மழையில் இறங்கச் சோம்பல்பட்டு, ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

எட்டு மாதம் கழித்து அவர் அந்த வீட்டிலேயே இறந்தார். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. கண்காட்சி ஒன்றுக்காக வெளிநாடு போயிருந்த அவன் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிக் கட்டியிருந்தார்கள். பார்க்க வேண்டாம் என்றார்கள். அவனும் வற்புறுத்தவில்லை.

இன்னொரு தாளை எடுத்து, நாற்காலிப் பக்கம் மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டி டெவலப்பரில் போட்டான். குளியலறையை மறித்துக் கட்டிய இருட்டறை அது. ஜன்னலில் கறுப்புத் துணி, அதற்கு அந்தப் பக்கம் மாலை நாலு மணித் தெரு, பந்து விளையாடும் பிள்ளைகளின் கூச்சல், இந்தப் பக்கம் சிவப்பு விளக்கும் குழாய் சொட்டும் சத்தமும் மூக்கை அரிக்கும் மருந்து நெடியும், அந்த நெடிக்கு அடியில் எங்கிருந்தோ மெல்ல ஏறிவந்த ஈரச் சுவரின் வாடையும். அந்த வாடையை இன்னொரு வீட்டிலும் முகர்ந்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாளில் உருவம் எழுந்தது. சாம்பல் நிறம் இப்போது ஆள் உயரம் இருந்தது.

முதுகு. குனிந்த தோள். ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.

“அப்பா” என்றான், தன்னையறியாமல்.

வெளியே பந்துச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவனுக்குப் பின்னால், துணி உலர்த்தும் கொடிக்கும் கதவுக்கும் இடையில், ஓர் அடி ஊன்றி வைக்கும் சத்தம். பிறகு தரையோடு இழுபடும் சத்தம். ஊன்றல். இழுப்பு. கதவு வரை போய்த் திரும்பி வந்தது. அந்த அறையில் நான்கு எட்டுக்கு மேல் நடக்க இடமில்லை. அது நான்கு எட்டுதான் நடந்தது.

அவன் திரும்பவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக வெட்கம். அந்த முழங்காலோடு இத்தனை வருடமாக நடந்துகொண்டிருக்கிறாரா என்று நினைத்ததும் கண்ணை முட்டிக்கொண்டு அழுகை வந்தது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். விரல்கள் மருந்தில் வழுக்கின.

“போட்டோ கிடைச்சுதாடா?”

“இல்லக்கா. என்கிட்ட ஒண்ணுமே இல்ல. நான் பொய் சொன்னேன். அந்தப் படம்… அந்த வீடு நம்ம வீடு. எடுக்கும்போது அப்பா உள்ளதான் இருந்தார். நான்தான் அவரை நடக்கவிட்டேன்.”



“தெரியும்” என்றாள் அக்கா. “அப்பா சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.” பிறகு, “அங்க யாருடா நடக்கறா?” என்று கேட்டாள். போன் கையிலிருந்து நழுவித் தண்ணீர்த் தட்டில் விழுந்தது.

சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

“போதும்ப்பா. உட்காருங்க.”

ஊன்றல். இழுப்பு. நின்றது.

அறையிலிருந்த ஒரே முக்காலி கிறீச்சிட்டது.

பிரித்த தாள் பெட்டி முழுக்க வெளிச்சம் பட்டுப் பாழாகும் என்று தெரிந்தும் கை நீட்டி வெள்ளை விளக்கைப் போட்டான். திரும்பினான்.

கதவோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெளிவு. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. வீங்கிய முழங்கால். கையில் புடைத்த நரம்பு. கால் நகத்தில் சேறு. கழுத்துக்கு மேலே மட்டும் கலைந்த சாம்பல் நிறம். கண் இல்லை. வாய் இல்லை. நடந்துகொண்டே இருந்ததில் படத்தில் விழாமல் போன முகம்.

சவரத்துக்கு உட்கார்ந்தவர் போல அது மோவாயை உயர்த்தி அவனுக்குக் காட்டியது.

பிரிண்டில் விழும் தூசிப் புள்ளிகளை மை தொட்டு நிரப்பும் மெல்லிய தூரிகை மேசையில் இருந்தது. எடுத்தான். மச்சம் இடது கன்னமா, வலதா? புருவம் நரைத்திருந்ததா? மீசை வைத்திருந்தாரா?

தெரியவில்லை.

அது காத்திருந்தது. பொறுமையாக.

தெரிந்தவரைக்கும் ஒரு கண் வரைந்தான். தூரிகை பட்ட இடம் குளிர்ந்து, ஈரமாக, உள்ளே அமுங்கியது. மை பரவி நின்றது. இமை பிரிந்தது.

கண் அவனைப் பார்த்தது. அப்பாவின் கண் இல்லை. யாருடைய கண்ணும் இல்லை.

பிறகு அது மெல்ல முகத்தைத் திருப்பி, மற்ற பக்கத்தை அவனுக்குக் கொடுத்தது.